அரை நூல் குறைவு

எல்வுட் ஸ்பர்லிங்கின் மேஜைமேல் ஒரு பெட்ரோல் பம்பு அக்குவேறு ஆணிவேறாகக் கிடந்தது. அவன் அதைத் தொடாமல் முறைத்துக்கொண்டிருந்தான். பம்பு அவனுடையது இல்லை. டெட்ராய்ட்டின் மறுகோடியிலிருந்த போட்டிக் கம்பெனி தன் புதுக் காரில் பொருத்தி விற்கத் தொடங்கியிருந்தது. ஒரு டீலரைக் காக்காய் பிடித்து அதை வாங்கிவரச் செய்திருந்தான். அடுத்தவன் பம்பை இப்படிக் கழற்றிப் பார்ப்பது திருட்டு இல்லையா என்று யாராவது கேட்டிருந்தால் அவனுக்குக் கோபம் வந்திருக்கும். அவன் செய்தால் அது ஆராய்ச்சி. அவர்கள் செய்தால்தான் திருட்டு.

கழற்றிப் பார்த்ததிலிருந்து வயிறு எரிந்தது. எஞ்சினுக்குள் சுற்றும் கேம் என்ற புடைப்புச் சக்கரம் தட்டத் தட்ட மேலும் கீழும் ஆடும் ஒரு கை, கீழே ஒரு ஸ்பிரிங், நடுவில் வார்னிஷ் ஏற்றிய துணிச் சவ்வு, பெட்ரோல் போகவும் வரவும் இரண்டு வால்வு. அப்படியே அவன் பம்பு. அச்சு அசல்.

லாங்ஃபீல்ட் மோட்டார் கம்பெனியில் அந்தப் பம்பைத்தான் அவன் இரண்டு வருடமாகக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். அதுவரை வந்த கார்களில் பெட்ரோலை மேலே இழுக்க ஒரு வெற்றிட டாங்க் இருந்தது. எஞ்சின் உறிஞ்சுகிற உறிஞ்சலில்தான் அது வேலை செய்யும். சமதரையில் சமர்த்தாக இருக்கும். நீண்ட மேட்டில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் உறிஞ்சல் போய்விடும், டாங்க் வற்றிவிடும், நடு மேட்டில் வண்டி படுத்துவிடும். தலைமை இன்ஜினியர் ப்ரெண்டிஸிடம் எல்வுட் வாய்விட்டுச் சொல்லியிருந்தான்: "வசந்த காலத்துல டீலருங்க எல்லாரையும் ஐரிஷ் ஹில்ஸ் மலை மேட்டுக்குக் கூட்டிட்டு வாங்க சார். என் பம்பு வச்ச வண்டி மேட்டுல நின்னா, நான் அங்கிருந்தே நடந்து வீட்டுக்குப் போயிடுறேன். வேலைக்கு வரமாட்டேன்." ப்ரெண்டிஸ் அதைச் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். வார்த்தையை மறக்காத மனிதர் அவர்.

ஆக, எல்வுட்டின் பிழைப்பு அந்தப் பம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அதையே போட்டிக்காரன் முந்திக்கொண்டு விற்கிறான். யார் கொடுத்தது?

பம்பின் ரகசியம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். வரைந்தது எல்வுட். செய்து கொடுத்தது கெர்ரிட் டைக்ஹவுஸ். மிச்சிகன் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், டச்சுக்காரர்கள் குடியேறிய ஸீலண்ட் என்ற சிற்றூரில் கெர்ரிட்டுக்கு ஒரு சின்னத் தொழிற்சாலை. ரப்பர் சவ்வு பெட்ரோலில் ஊறிக் கூழாகிப் போனபோது, துணியில் வார்னிஷைப் பூசி அடுப்பில் வாட்டி, மறுபடி பூசி மறுபடி வாட்டி, பெட்ரோல் தின்னாத சவ்வைக் கண்டுபிடித்தவன் கெர்ரிட்தான். மாதிரிப் பம்புகளை அனுப்பும்போதெல்லாம், பெட்டியின் வைக்கோலுக்குள் ஒரு பொட்டலம் பெப்பர்மின்ட் மிட்டாயும் வைத்து அனுப்புவான். அவன் ஊரில் சர்ச்சில் பிரசங்கம் நீளும்போது எல்லோரும் வாயில் போட்டுக்கொள்கிற மிட்டாய். எல்வுட் அதைத் தின்றபடிதான் பம்புகளைச் சோதிப்பான்.

இப்போது அந்த மிட்டாயும் கசந்தது. ஏனென்றால், போன மாதம் ஒரு மத்தியானம் எல்வுட் தன் கண்ணால் பார்த்திருந்தான். டெட்ராய்ட்டில் ஒரு பெரிய ஓட்டல் ஜன்னலுக்கு அந்தப் பக்கம், சர்ச்சுக்குப் போடும் அதே கறுப்புக் கோட்டும் வாயில் சுருட்டுமாகக் கெர்ரிட் உட்கார்ந்திருந்தான். எதிரே போட்டிக் கம்பெனியின் இன்ஜினியர். இருவருக்கும் நடுவில் வறுத்த மாட்டிறைச்சி. அதற்குப் பிறகு கெர்ரிட் இரண்டு தடவை வந்து போனான். அந்த விருந்தைப் பற்றி மூச்சுவிடவில்லை.

எல்வுட் நேரே கேட்டிருக்கலாம். நேரே கேட்டிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். அவனோ தன்னைப் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தான். கெட்டிக்காரர்கள் கேட்கமாட்டார்கள், பொறி வைப்பார்கள்.

பம்பின் கையைக் கொஞ்சம் மாற்றவேண்டும் என்று சாக்குச் சொல்லி, புதிதாக ஒரு வரைபடம் போட்டான். எல்லாம் சரியாக இருந்தது, கேமைத் தொடும் கையின் நீளம் மட்டும் அரை நூல் குறைவு. தீக்குச்சிக் கனம்கூட இராது. அந்தப் பொய்ப் படத்தைக் கெர்ரிட்டுக்கு அனுப்பினான். மெய்யான படத்தைத் தன் இழுப்பறையில் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கெர்ரிட் செய்து அனுப்பும் மாதிரி குட்டைக் கையோடு வரும், அதைத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் போட்டிக்காரனின் அடுத்த பம்பிலும் அதே குட்டைக் கை இருந்தால்? அப்போது பிடித்துக்கொள்ளலாம் குடுமியை. இந்த ஏற்பாட்டை அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை, ப்ரெண்டிஸிடம்கூட.

மாதிரிப் பம்புகளைக் கெர்ரிட் தானே எடுத்துக்கொண்டு வந்தான். எல்வுட் ஒரு பம்பைத் திறந்து கையை அளந்தான். மறுபடி அளந்தான்.

கை சரியான நீளத்தில் இருந்தது. பூட்டிய இழுப்பறைக்குள் இருக்கும் அளவு, மயிரிழை பிசகாமல்.

ப்ரெண்டிஸின் அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். ப்ரெண்டிஸ் நல்ல மனநிலையில் இருந்தார். "ஏன்யா டைக்ஹவுஸ், உங்க ஊர்ல ஞாயித்துக்கிழமை சைக்கிள்கூட ஓட்ட மாட்டீங்களாமே! அப்புறம் எப்படி எங்க சரக்கு மட்டும் சொன்ன தேதிக்கு வருது?"

"மத்த ஆறு நாளும் பேசாம வேலை பாக்குறோம் சார்" என்றான் கெர்ரிட்.

ப்ரெண்டிஸ் மேஜையைத் தட்டிச் சிரித்தார். எல்வுட் சிரிக்கவில்லை. குரலை முடிந்தவரை சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டான்: "கெர்ரிட், புதுப் படத்துல ஏதும் சிக்கல் இருந்துச்சா?"

கெர்ரிட் ப்ரெண்டிஸைப் பார்த்தான். பிறகு எல்வுட்டைப் பார்த்தான். "சிக்கலா? ஒண்ணுமில்லையே. படம் சுத்தமா இருந்துச்சு."

"இருந்தபடியேதான் பண்ணினியா?"

"இருந்தபடியேதான்." ப்ரெண்டிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, கெர்ரிட் எல்வுட்டை நோக்கிக் கண்ணடித்தான்.

அந்தக் கண்ணடிப்பு எல்வுட்டின் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. எவ்வளவு தைரியம்! பொய்யும் சொல்லிவிட்டு, உன் பொறி எனக்குத் தெரியும் என்று கண்ணும் அடிக்கிறான். அப்படியானால் மெய்யான படம் இவன் கைக்கு வந்திருக்கிறது. இழுப்பறையைத் திறந்து யாரோ காட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து வரைபட அறையில் அவனுக்கு எல்லோரும் திருடர்களாகத் தெரிந்தார்கள். பக்கத்து மேஜைக்காரன் புதுச் சப்பாத்து போட்டு வந்தால் பணம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தான். தட்டச்சுக்காரி தும்மினால் யாருக்கு ஜாடை காட்டுகிறாள் என்று பார்த்தான். பூட்டின்மேல் ஒரு தலைமயிரை ஒட்டிவைத்து, காலையில் அது காணாமல் போனதும் தலையில் அடித்துக்கொண்டான். கூட்டிப் பெருக்குகிறவர் என்று ஒருவர் இருப்பது அவன் நினைவுக்கு வரவே இல்லை.

ஒரு வாரம் பொறுத்தான். பிறகு ப்ரெண்டிஸிடம் போய் ஓட்டல் விருந்தை மட்டும் சொன்னான். "அந்தாளு ரெண்டு படகுல கால் வைக்கிறான் சார். நமக்கு வேண்டாம்."

"ருசு இருக்கா?"

"கண்ணால பாத்தேன்."

ப்ரெண்டிஸ் நெற்றியைச் சொறிந்தார். "வேலை நல்லா செய்யிறானேய்யா. சரி, உன் பம்பு, உன் தலை. டீலருங்க வர்ற தேதி மாறாது, ஞாபகம் வச்சுக்கோ."

கொள்முதல் பிரிவு கெர்ரிட்டுக்கு இரண்டு வரி எழுதியது: இனி உங்கள் சரக்கு தேவையில்லை, எங்கள் வரைபடங்களைத் திருப்பி அனுப்பவும். காரணம் எழுதுகிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. படங்கள் பழுப்புக் காகிதத்தில் கட்டி ஒழுங்காகத் திரும்பி வந்தன. கொள்முதல்காரர்கள் அந்தக் கட்டைப் பிரிக்கக்கூட இல்லை. மேலே புது விலாசத்தை ஒட்டி, புதிதாகப் பிடித்த கிளீவ்லாந்து கம்பெனிக்கு அப்படியே தள்ளிவிட்டார்கள். ஆபீஸ் புதிதாகப் படம் எடுத்து அனுப்பியிருக்கும் என்று எல்வுட் நினைத்துக்கொண்டான். சாவி தன் சட்டைப்பையில் இருக்க, எங்கிருந்து எடுத்திருப்பார்கள்? அதை யோசிக்க அவனுக்கு நேரமில்லை. திருடர்களைப் பற்றி யோசிக்கவே பொழுது போதவில்லை.

கிளீவ்லாந்து பம்புகள் கடைசி நேரத்தில்தான் வந்தன. ஒன்றை வண்டியில் மாட்டி, எல்வுட் ஆற்றோரச் சாலையில் ஓட்டிப் பார்த்தான். பூப்போல ஓடியது. டெட்ராய்ட்டில் மேடு ஏது!

ஐரிஷ் ஹில்ஸில் அந்தச் சனிக்கிழமை நல்ல வெயில். டீலர்கள் வறுத்த கோழியைக் கடித்துக்கொண்டு, மதுவிலக்குச் சட்டத்துக்கு மரியாதையாகக் காபிக் கோப்பையில் காபி அல்லாத ஒன்றைக் குடித்துக்கொண்டு, மேட்டின் ஓரம் கூடியிருந்தார்கள். முதல் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. பாதி மேடு வந்ததும் இருமியது. இன்னொரு தடவை இருமியது. நின்றுவிட்டது.

"தள்ளணுமாப்பா?" என்று ஒரு டீலர் கத்தினார்.

"ரிவர்ஸ்ல ஏத்திப் பாருங்கய்யா! என் பழைய தகர டப்பா வண்டி அப்படித்தான் ஏறும்!" என்றார் இன்னொருவர். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

இரண்டாவது வண்டியும் அதே இடத்தில் நின்றது. மூன்றாவதை ப்ரெண்டிஸ் கிளம்பவிடவில்லை. எல்வுட் பம்பைக் கழற்றி, சட்டைப்பை அளவுகோலை எடுத்துக் கையை அளந்தான்.

அரை நூல் குறைவு.

அந்த அளவு உலகத்தில் ஒரே ஒரு தாளில்தான் இருந்தது. கேமை முழுக்கத் தொடாத குட்டைக் கை பாதி பெட்ரோலைத்தான் தள்ளும். சமதரைக்கு அது போதும், மேட்டுக்குப் போதாது.

கிளீவ்லாந்து கம்பெனியின் ஆள் அலட்டிக்கொள்ளவே இல்லை. காரின் எஞ்சின் மூடிமேல் வரைபடத்தை விரித்தான். "படத்துல என்ன இருக்கோ அதான் சார் பம்புல இருக்கும். எங்க பழக்கமே அதுதான். நீங்களே பாருங்க."

ப்ரெண்டிஸ் குனிந்து பார்த்தார். "ஸ்பர்லிங், இந்த அளவு சரியா?"

"தப்பு சார். வரையும்போது... தவறிடுச்சு."

"இது டைக்ஹவுஸ் வச்சிருந்த படம்தானே?"

"ஆமா."

"அப்ப அவன் பம்பு எப்படிய்யா சரியா இருந்துச்சு?"

"அதுதான் சார் எனக்கும் தெரியணும்."

"தெரியணும்னா போய்க் கேளு. அவன் திருடனோ தீர்க்கதரிசியோ, எனக்கு அவன் பம்பு வேணும். டீலருங்ககிட்ட இன்னும் ஒரு மாசம் கேட்டிருக்கேன்." ப்ரெண்டிஸ் தொப்பியை எடுத்துக்கொண்டார். "வீட்டுக்கு நடந்து போறதை அதுக்கப்புறம் வச்சுக்கலாம்."

ஞாயிறு காலை ஸீலண்டில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. எல்வுட்டின் கார்ச் சத்தத்துக்கு வீடுவீடாகத் திரைச்சீலை விலகியது. கெர்ரிட் கறுப்புக் கோட்டில் வாசலில் நின்றான். சில மாதங்களில் இளைத்திருந்தான். "எல்வுட்டா! வா, வா."

"கெர்ரிட், அந்தப் பம்போட கை..."

கெர்ரிட் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினான். "வேலைப் பேச்சு நாளைக்கு. இன்னிக்கு ஞாயிறு."

"அவசரம்யா! என் வேலையே போயிடும்!"

"நாளைக்குக் காலைல மொதல் பேச்சு உன்னுதுதான்."

அவன் மனைவி டீனா எட்டிப் பார்த்தாள். "உருளைக்கிழங்கு நேத்தே உரிச்சு வச்சாச்சு, இன்னொரு வயித்துக்கும் போதும். டெட்ராய்ட்ல உங்களுக்குச் சோறு போடறதில்லையா, முகம் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி இருக்கு? உக்காருங்க."

உட்கார்ந்தான். வேறு வழி? ஆனால் மனம் உட்காரவில்லை. நேரம் கடத்துகிறான். இராத்திரிக்குள் ஒரு கதை தயாராகிவிடும். சாயங்காலச் சர்ச்சில் பிரசங்கம் டச்சு மொழியில் நடந்தது. பாதிரியார் குரலை உயர்த்தி விரலை நீட்டியபோதெல்லாம் தன்னை நோக்கியே நீட்டுவதுபோல் எல்வுட் நெளிந்தான். பக்கத்திலிருந்து கெர்ரிட் அவன் கையில் ஒரு பெப்பர்மின்ட்டை அழுத்தினான். எல்வுட் அதை வாயில் போடாமல் பையில் போட்டுக்கொண்டான்.

திங்கள் காலை தொழிற்சாலைக் கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தது வெறுமைதான். பாதி மேஜைகளில் ஆளில்லை. சவ்வு வாட்டும் அடுப்பு குளிர்ந்து கிடந்தது. ஒரு பெஞ்சின்மேல் கிழித்துப்போட்ட சவ்வுகள் குவியலாகக் கிடந்தன.

"இப்பக் கேளு" என்றான் கெர்ரிட்.

"நான் குடுத்த படத்துல கை அரை நூல் கம்மி. நீ சரியா பண்ணிக் கொண்டு வந்தே. சரியான படம் என் இழுப்பறைல பூட்டியிருக்கு. உனக்கு யார் குடுத்தா?"

கெர்ரிட் அவனைக் கண்கொட்டாமல் பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். எல்வுட்டின் சட்டையைப் பிடித்து மூலைக்கு இழுத்துக்கொண்டு போனான். அங்கே மரச்சட்டத்தின்மேல் ஒரு லாங்ஃபீல்ட் எஞ்சின் உட்கார்ந்திருந்தது.

"இவரு குடுத்தாரு. ஞாபகம் இல்லையா? மாட்டிப் பாக்க ஒரு எஞ்சின் வேணும்னு கேட்டேன், நீதானே லாரில ஏத்தி அனுப்பினே? உன் படத்துப்படி மொதல் கையைப் பண்ணி மாட்டினோம், கேமைத் தொட்டும் தொடாம ஆடுச்சு. அளந்து பாத்தோம். எவ்வளவு நீளம் வேணும்னு எஞ்சினே சொல்லுதே, அதுக்கு உளவாளி வேற வேணுமா?"

எல்வுட் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தான். "அப்ப... போட்டிக்காரன் பம்பு எப்படி நம்மளுது மாதிரியே இருக்கு?"

"அவன் எஞ்சின்லயும் கேம் அங்கதான்யா இருக்கு. ஊர்ல செருப்பு வாங்கறவன் எல்லாம் காலுக்குத்தான் வாங்குறான். ஒருத்தன் செருப்பு இன்னொருத்தன் செருப்பு மாதிரிதான் இருக்கும். ரப்பர் கூழாப் போனா அவனுக்கும் வார்னிஷ் துணிதான் கதி."

"ஓட்டல்ல அவனோட சாப்பிட்டியே?"

"அதையும் பாத்தியா!" கெர்ரிட்டின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "அவனுக்குச் சவ்வு பண்ணித் தரியான்னு கேட்டான். இருக்கறது ஒரே அடுப்பு, அது எல்வுட்டுக்குன்னுட்டேன். உன்கிட்ட வந்து சொன்னா, விலையை ஏத்தப் பாக்குறான்னு நீ நினைப்பே. அதான் சொல்லலை."

"படத்துல சிக்கல் இல்லைன்னு ஏன் சொன்னே?"

"உன் முதலாளி பக்கத்துல உக்காந்திருக்கார். உங்க ஆளு தப்பா வரைஞ்சுட்டான்னு அவர் முன்னாடியா சொல்லணும்? சரக்கு குடுக்கறவன் செய்யிற காரியமா அது? அசதில யாருக்கும் ஒரு கோடு தவறும். நாங்க சத்தமில்லாம சரி பண்ணி அனுப்பிடுவோம். கண்ணடிச்சேனே, புரியலையா?" கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "சரி விடு. அடுப்பைப் பத்தவைக்கிறேன். பசங்களுக்குச் சொல்லியனுப்பினா மத்தியானத்துக்குள்ள வந்துடுவானுங்க. உனக்குக் கை தவறினது இந்தக் கதவைத் தாண்டிப் போகாது."

அங்கேயே எல்வுட் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். பம்பு கிடைத்துவிட்டது, வேலை தப்பிவிட்டது, மானமும் பிழைத்தது. ஆனால் கண் அந்தச் சவ்வுக் குவியலுக்குப் போனது. "இதெல்லாம் என்ன, ஏன் கிழிச்சிருக்கே?"

"நீங்க வேண்டாம்னதும், என் சவ்வுலதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். காரணம் எழுதலையே. ஒவ்வொண்ணா வெட்டி வெட்டிப் பாத்தேன். ஒண்ணும் தெரியலை."

எல்வுட் ஒரு கிழிசலை எடுத்துப் பார்த்துக் கீழே வைத்தான். இப்படி ஒரு வெட்கத்தை அவன் வாழ்நாளில் பட்டதில்லை. "கை தவறலை, கெர்ரிட்."

"என்னது?"

"வேணும்னேதான் குறைச்சுப் போட்டேன். நீ அதை அவனுக்கு விக்கிறியான்னு பாக்க."

கெர்ரிட் தீக்குச்சியை உரசியிருந்தான். அது விரல்வரை எரிந்தது. அதை உதறிப் போட்டான்.

"பொறியா, எனக்கா?" என்றான்.

"உனக்குத்தான்."

வெளியே பால்வண்டி ஒன்று போனது. கெர்ரிட் இன்னொரு குச்சியை எடுத்து அடுப்பைப் பற்றவைத்தான். திரும்பிப் பார்க்காமலே பேசினான். "பம்பு பண்ணித் தரேன். பசங்க வீட்டுல சும்மா உக்காந்திருக்கானுங்க, அவனுங்களுக்கு வேலை வேணும். ஆனா இனிமே படத்துல என்ன இருக்கோ, அதான் பம்புல இருக்கும்."

பம்புகள் சொன்ன தேதிக்கு வந்தன. அடுத்த மாதம் ஐரிஷ் ஹில்ஸில் மூன்று வண்டிகளும் ஒரு இருமல்கூட இல்லாமல் மேட்டைத் தாண்டின. டீலர்கள் தொப்பியை வீசினார்கள். ப்ரெண்டிஸ் எல்வுட்டின் முதுகில் தட்டினார். யாரும் நடந்து வீட்டுக்குப் போகவேண்டி வரவில்லை.

மறுவருடம் எல்வுட் புதிய எஞ்சினுக்காக இன்னொரு பம்பு வரைந்தான். காய்ச்சலோடு வரைந்த படம். பெட்ரோல் குழாய் நுழையும் துளையை வலப்பக்கம் போடவேண்டியவன் இடப்பக்கம் போட்டுவிட்டான். இந்தத் தடவை மெய்யாகவே கை தவறியிருந்தது. புது எஞ்சின் ஒன்றும் முன்பே ஸீலண்டுக்குப் போயிருந்தது. அந்த ஊரில் எந்தப் பையனும் மாட்டிப் பார்த்த நிமிடமே கண்டுபிடித்திருப்பான்.

மாதிரிப் பெட்டி வந்தது. பம்புகள் பளபளவென்று இருந்தன. துளைகள் எல்லாம் இடப்பக்கம், படத்தில் இருந்தபடியே, பிசிறு ஒன்றில்லாமல் துளைத்திருந்தன. எல்வுட் பெட்டிக்குள் கையை விட்டு வைக்கோலை அடிவரை கிளறிப் பார்த்தான். மிட்டாய் இல்லை.